அடுப்பை அளந்தார்கள், தீயை அளக்கவில்லை

திண்டுக்கல் பக்கம் விறகு அடுப்பு ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் முன்வாசலோடு திரும்பிப் போனவர் என்று அர்த்தம். கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்க. உள்ளே கேஸ் அடுப்பு இருக்கும். பின்னால் சுவரை ஒட்டி மூணு கல்லோ, மண் பூசிய ஒரு கொடி அடுப்போ கட்டாயம் இருக்கும். காலையில் குளிக்கத் தண்ணி காய்வது அங்கே. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, காதுகுத்துச் சமையல், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை காய்ச்சுவது எல்லாம் அங்கே. சிலிண்டர் தீர்ந்து அடுத்ததுக்குக் காசு புரளாத வாரத்தில் மூணு வேளைச் சோறும் அங்கேதான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் சுத்தமான எரிபொருளில் சமைக்கின்றன. பொய் இல்லை. ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி, "முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்" என்பது. முக்கியமில்லாத இரண்டாவது அடுப்பு கணக்கில் வராது. வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்துக் காடுகரையில் வண்டி வண்டியாக வெட்டப்படும் சீமைக்கருவேலம் எங்கே போகிறது என்று பார்த்தால், ஒரு பகுதி கரிமூட்டத்துக்கும் ஆலைக்கும் போகும். இன்னொரு பகுதி இந்த இரண்டாவது அடுப்புகளுக்குத்தான் போகும்.

இந்தக் குறிப்பு அந்த அடுப்பைப் பற்றியது. விறகைச் சிக்கனமாக எரிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளத் தேடினால், எழுபது வருஷத்து எழுத்தும் ஆராய்ச்சியும் கொட்டிக் கிடக்கிறது. அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விமர்சனம் வலுத்துக்கொண்டே வந்தது. எல்லோரும் அடுப்பைப் பற்றி எழுதினார்கள். அடுப்பெரிப்பதைப் பற்றி எழுதியவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் என்ன நஷ்டம் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கொடி அடுப்புக்குக் குழாய் வைத்த கதை

இந்தியாவில் "புகையில்லா அடுப்பு" என்ற யோசனைக்கு இரண்டு தொடக்கங்கள். ஒன்று வார்தாவில், மகன்வாடியில் இருந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தில் உருவான "மகன் சூலா". அந்தச் சங்கத்தை நடத்தியவர் ஜே.சி. குமரப்பா, கடைசிக் காலத்தை நம்ம பக்கம் டி. கல்லுப்பட்டியில் கழித்து 1960இல் மறைந்தவர். இன்னொன்று, ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் எஸ்.பி. ராஜு வடிவமைத்தது. இவர் 1953இல் சென்னையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்பதுதான் தலைப்பின் பொருள்.

ராஜுவின் அடுப்பு மண்ணால் ஆனது. ஒரு வாயில் விறகு வைத்தால், சூடான புகை வரிசையாக மூன்று பாத்திரங்களுக்கு அடியில் ஓடி, கடைசியில் புகைபோக்கி வழியாக வெளியே போகும். நடுவில் காற்றிழுப்பைக் கூட்டிக் குறைக்கத் தகடுகள். நல்ல யோசனை. பெண்களின் கண்ணும் நுரையீரலும் பொறியாளர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் என்று அந்தக் காலத்திலேயே சொன்னதற்கு ராஜுவுக்குப் பெரிய மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் நம்ம ஊர்ப் பெரியவர்கள் கொடி அடுப்பு என்று எதைச் சொல்கிறார்கள்? முன்னடுப்பில் விறகு எரியும். உள்ளே ஒரு துளை வழியாக மிச்சச் சூடு பக்கத்து அடுப்புக்குப் போகும். முன்னால் உலை கொதிக்கும்போதே கொடியில் குழம்பு சுண்டும், பால் காயும். ஒரு தீயில் இரண்டு பாத்திரம் என்ற கணக்கு இதிலேயே இருக்கிறது. புதிய அடுப்பில் உண்மையில் புதிதாக வந்தவை புகைபோக்கியும் தகடும்தான். இந்த வேறுபாட்டைச் சொல்வது ஊர்ப்பெருமைக்காக இல்லை. பழைய அடுப்பில் ஏற்கெனவே எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்த்திருந்தால், திட்டங்கள் அடுப்பையே இடித்துப் புதிதாகக் கட்டாமல், குறையுள்ள இடத்தை மட்டும் தொட்டிருக்கலாம்.

மூன்று கோடி அடுப்பும் ஒரு துடைப்பமும்

1980களின் நடுவில் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட சூலா தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002 வரை ஓடியது. நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. ஓர் அடுப்பு கட்டினால் கட்டியவருக்குக் கூலி, வீட்டுக்கு மானியம், அதிகாரிக்கு இலக்கில் ஒரு எண். கட்டிய அடுப்பு இரண்டு வருஷம் கழித்து எரிகிறதா என்று பார்ப்பதில் அந்த மூன்று பேரில் யாருக்கும் வரும்படி கிடையாது.

புகைபோக்கி வைத்த அடுப்பை எரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாதம் ஒரு தடவையாவது குழாயில் கரியைத் தட்டி எடுக்கணும். பச்சை விறகு எரித்தால் அதற்கும் முன்னாலேயே. உள்ளே தாரும் கரியும் படியப் படியக் காற்றிழுப்பு குறையும், புகை திரும்பிச் சமையலறைக்குள்ளேயே வரும். அப்புறம் அது புகையில்லா அடுப்பு இல்லை, பழைய அடுப்பைவிட மோசமான அடுப்பு. இரண்டாவது பிரச்சினை, பாத்திர வாயின் அளவு. கட்டியவர் ஓர் அளவுக்கு வட்டம் வெட்டுவார். வீட்டில் இருப்பது வேறு அளவுச் சட்டி. இடுக்கு வழியே புகை வெளியே வரும். பாத்திரம் வைக்காமல் ஒரு வாய் சும்மா திறந்திருந்தால், காற்றிழுப்பே கெட்டுவிடும். மூன்றாவது, மண்ணின் கனம். ராஜுவின் அடுப்பு போன்ற பெரிய மண் அடுப்பு முதலில் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். அரை நாள் தொடர்ந்து எரித்தால் அந்தச் சூடு பயன்படும். காலையில் ஒரு சொம்பு காபித் தண்ணிக்கு மூட்டினால், விறகின் பெரும்பகுதி மண்ணைக் காய வைக்கவே போகும். கனமான மண் சூட்டைத் தடுக்காது, உறிஞ்சும்.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் குழாய்க்குள் விட்டுத் துடைக்க ஒரு துடைப்பம், கட்டியவர் ஆறு மாதம் கழித்து ஒரு நடை, பாத்திர அளவுக்கு ஒரு தகட்டு வளையம் — இவை மூன்றும் கணக்கில் வராததால்தான் அந்த அடுப்புகளில் ரொம்பப் பேர் வீட்டில் கடைசியில் விறகு அடுக்கி வைக்கிற திண்ணையாகிப் போனது.

ஆய்வகத்தில் நாற்பது, வீட்டில் எவ்வளவு?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு 1980களில் இதைவிட நுட்பமாக யோசித்தது. அவர்களுடைய "அஸ்த்ரா ஒலெ" — கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு — மூடிய எரிபெட்டி, அடியில் கம்பிக் கிராதி, மூன்று பாத்திர வாய்கள் கொண்டது. சோதனைகளில் 40 சதவீதத்தைத் தொடும் வெப்பத் திறன் காட்டியது. மூணு கல் அடுப்பு 10 முதல் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இது பெரிய பாய்ச்சல்.

2006 வாக்கில் அதே கழகத்தின் ஆராய்ச்சியில் பிறந்து ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தின் துணையோடு சந்தைக்கு வந்தது ஊர்ஜா. சின்ன மின்விசிறி வைத்தது. விறகு கிடையாது, விவசாயக் கழிவை அழுத்திச் செய்த உருளைகள்தான் எரிபொருள். புகை நிஜமாகவே குறைவு. லட்சக்கணக்கில் விற்றது. அப்புறம் அந்த உருளைகளின் மூலப்பொருளுக்குத் தொழிற்சாலைகளும் போட்டிக்கு வந்தன, விலை ஏறியது, வீடுகள் பின்வாங்கின. அடுப்பில் குறையில்லை. அடுப்பை ஒரே எரிபொருளுக்குக் கட்டிப்போட்டதில்தான் குறை. வேலியோரத்தில் கிடைப்பதை எரிக்கிற வீட்டுக்குக் கடையில் மட்டும் கிடைக்கிற எரிபொருள் கொடுத்தால், அது கேஸோடுதான் போட்டி போட வேண்டும். அந்தப் போட்டியில் கேஸ்தான் ஜெயிக்கும், ஜெயிக்கவும் வேண்டும்.

சரி, இந்த "சதவீதம்" எப்படி வருகிறது? இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13152, இயற்கைக் காற்றில் எரியும் அடுப்புக்குக் குறைந்தது 25, விசிறி அடுப்புக்கு 35 சதவீதம் கேட்கிறது. சோதனையில் ஒரே அளவாக அறுத்து நன்றாக உலர்த்திய கட்டைகளைப் பயிற்சி பெற்ற ஒருவர் குறித்த நேரத்துக்கு ஒருமுறை போட்டு, குறித்த அளவு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பார். அடுப்புக்கு அடுப்பு ஒப்பிட இது நியாயமான வழி. ஆனால் இதில் என்ன நடக்கிறது பாருங்க. விறகின் ஈரம், பருமன், போடும் வேகம், பாத்திரம் என்று எரிப்பவர் கையில் இருக்கும் அத்தனையும் நிலையாக நிறுத்தப்படுகின்றன. மிஞ்சுவது அடுப்பு. அதை மட்டும் அளந்துவிட்டு, "இந்த அடுப்பு இவ்வளவு விறகு மிச்சம் பிடிக்கும்" என்று விளம்பரம். வீட்டில் மாறுவதோ அந்த நிறுத்தி வைத்த நான்கும்தான்.

ஒடிசா ஆய்வைப் படிக்க இரண்டு வழி

ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் ஒடிசாவில் சுமார் 2,600 வீடுகளை நான்கு வருஷம் வரை பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2012இல் வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த புகைபோக்கி வைத்த மண் அடுப்புகள் அவை. முதல் வருஷம் சமைப்பவர் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. அப்புறம் அந்தப் பலன் கரைந்தே போனது. விறகுச் செலவிலும் உடல்நலத்திலும் மாற்றம் தெரியவில்லை. காரணம், வீடுகள் அந்த அடுப்பை விட்டுவிட்டு விட்டுவிட்டுத்தான் எரித்தன, பராமரிக்கவில்லை, உடைந்ததைச் சரிசெய்யவில்லை.

இதைப் படித்த பலர் எடுத்துக்கொண்ட பாடம்: ஜனங்களின் பழக்கம் சரியில்லை. எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஒரு பொருள் கூட வேலை வைக்கிறது, விறகும் மிச்சமாகவில்லை என்றால், அதைப் பராமரிக்காமல் விடுவது மடத்தனம் இல்லை, கணக்கு. அந்த ஆய்வின் எண்கள் ரொம்ப நேர்மையானவை. அவை காட்டுவது, அங்கே கொடுத்த விதத்தில் அடுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை. தீயை நடத்தும் கைப்பழக்கத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் கொத்தனாரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவை காட்டவில்லை. அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை.

தீயின் கணக்கு

இனி விமர்சனத்தை விட்டு வேலைக்கு வருவோம். ஏற்கெனவே இருக்கும் அடுப்பில், புதிதாக ஒன்றும் வாங்காமல், என்ன மிச்சப்படுத்த முடியும்? கணக்கு எளிதுதான்.

ஒரு லிட்டர் தண்ணியைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்கச் சுமார் 0.3 மெகாஜூல் வேணும். ஐந்து லிட்டர் உலைக்கு 1.5. நன்கு காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும். பத்தில் ஒரு பங்கு சூடுதான் பாத்திரத்துக்குள் போகிறது என்றால், ஐந்து லிட்டர் கொதிக்க ஒரு கிலோ விறகு. ஐந்தில் ஒரு பங்கு போனால் அரைக் கிலோ. இந்தப் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கையாலேயே கடக்கலாம்.

முதலில் ஈரம். பச்சையாக வெட்டிய விறகில் எடையில் 40 சதவீதம் தண்ணீர் இருக்கலாம். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் 15. பச்சை விறகு ஒரு கிலோ வாங்கினால் 400 கிராம் தண்ணிக்குக் காசு கொடுக்கிறோம்; மிச்சத்தில் கிடைக்கும் சூடு சுமார் 10 மெகாஜூல்தான். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அந்தத் தண்ணியை ஆவியாக்க ஆகும் சூடு ஒரு மெகாஜூலைச் சுற்றித்தான் வரும், அது பெரிய நஷ்டமில்லை. பெரிய நஷ்டம், ஆவி தீயைக் குளிர வைப்பது. விறகு நேரடியாக எரிவதில்லை. சூட்டில் அதிலிருந்து வாயு கிளம்பி, அந்த வாயுதான் ஜுவாலையாக எரிகிறது. தீ குளிர்ந்தால் வாயு எரியாமலே போகும். அதைத்தான் புகை என்கிறோம். புகை என்பது கண்ணெதிரே பறந்து போகும் விறகு.

நம்ம சமவெளிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தை முதல் ஆடி வரை காய்கிற வெயில். மாசி, பங்குனியில் வெட்டியதைப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கல் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஐப்பசி அடைமழைக்கு முன் மேலே தகரம் போட்டால் போதும். பக்கவாட்டை மூடக் கூடாது, காற்று போகணும். முழுக்கட்டையாக அடுக்கினால் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிளந்தால்தான் காயும். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்க. காய்ந்தது "டங்" என்று கேட்கும், ஈரம் "தொப்" என்று கேட்கும்.

இரண்டாவது பருமன். விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை போதும். ஒரு தடித்த கட்டையைவிட நாலு ஒல்லிக் குச்சிக்கு வெளிப்பரப்பு அதிகம், சீக்கிரம் வாயு விடும், சீராக எரியும். சீமைக்கருவேலம் கனமான மரம், நின்று எரியும், நல்ல தணல் விடும். ஆனால் பிளக்காமல் வைத்தால் புகைந்தே சாகடிக்கும். தென்னை மட்டையும் பாளையும் மூட்டுவதற்கும் சட்டென்று கொதி வரவும் நல்லது, தணல் நிற்காது. கொட்டாங்கச்சி சூடு அதிகம், எண்ணெய்ப் புகையும் அதிகம். தீ பிடித்த பிறகு ஒன்றிரண்டாகப் போடலாம். ஒட்டன்சத்திரம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று முருங்கைக் கட்டையை அடுக்கினால், இடம்தான் அடையும். பஞ்சு மாதிரி மரம், வந்த வேகத்தில் சாம்பல்.

மூன்றாவது காற்று. அடுப்பு வாய் முழுக்க விறகைத் திணித்தால் காற்றுக்கு வழியே இல்லை. வாயின் மேல் பாதியிலோ கீழ்ப்பாதியிலோ காற்று போக இடம் விடணும். கீழே போனால் நல்லது: விறகுக்கு அடியில் ஒரு கம்பிக் கிராதி, இல்லாவிட்டால் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பி வைத்து விறகைத் தரையிலிருந்து இரண்டு விரல் தூக்கினாலே தீயின் குணம் மாறும். சாம்பல் மேடாகி அந்த இடைவெளி அடைபடாமல் தினம் வாரணும். ஊதாங்குழல் தீ அணையும்போது உதவும் கருவி. ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் விறகு ஈரம், இல்லாவிட்டால் காற்றுவழி அடைப்பு.

நான்காவது, ஜுவாலைக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவு. மூணு கல் அடுப்பில் பெரும் நஷ்டம் இங்கேதான். எரிந்த சூடு பாத்திரத்தைத் தொடாமலே பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. ஜுவாலையின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடணும், பக்கவாட்டில் ஏறி விளிம்பைத் தாண்டக் கூடாது. பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டுப் பழைய தகர டின்னை வளைத்து நிறுத்தினால், ஓடிப்போகும் சூடான காற்று பாத்திரத்தை உரசிக்கொண்டு மேலே போகும். காற்று வீசும் கொல்லையில் இது இன்னும் முக்கியம். வாங்கக்கூடிய "மேம்பாடு"களில் காசு குறைவும் பலன் அதிகமும் உள்ளது இந்தத் தகரம்தான் என்பது என் கருத்து.

ஐந்தாவது மூடி. இதற்கு ஒரு கணக்கு மனசில் வைத்துக்கொள்ளுங்க. நூறு மில்லி தண்ணி ஆவியாகப் பாத்திரத்துக்குள் சுமார் 0.23 மெகாஜூல் போகணும். 15 சதவீதத் திறனில் அதற்கு எரிய வேண்டிய விறகு நூறு கிராம். ஆக, வீணாக ஆவியாகும் ஒவ்வொரு நூறு மில்லிக்கும் நூறு கிராம் விறகு. கொதி வந்த பிறகு தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு அதேதான். அரிசி வேகும் நேரம் மாறாது.

கடைசியாக, கொதித்ததும் விறகை வெளியே இழுப்பது. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்ற பழமொழியை நாம் குடும்பச் சண்டைக்குப் பயன்படுத்துகிறோம். அது முதலில் ஓர் அடுப்புப் பாடம். இழுத்த கொள்ளியை மண்ணில் தேய்த்து அணைத்து வைத்தால் அடுத்த வேளைக்கு அதுவே மூட்டும் கட்டை. உள்ளே கிடக்கும் தணலில் சோறு அடங்கும், குழம்பு சுண்டும்.

பிரியாணி மாஸ்டரும் வீட்டுப் பெண்ணும்

திண்டுக்கல் பிரியாணியை விறகில் ஆக்கும் இடங்களில் இந்தக் கடைசிப் பாடம் தினமும் நடக்கிறது. கொதிக்கும் வரை நிறைய விறகு. சீரகச் சம்பா அரிசி பதத்துக்கு வந்ததும் விறகை இழுத்துவிட்டு, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டு தம். ஜுவாலை, தணல் என்று தீயின் இரண்டு பருவத்தையும் பிரித்துப் பயன்படுத்துவது பெரிய திறமை. அதனால் அவருக்கு மாஸ்டர் என்று பெயர், அதற்கேற்ற சம்பளம்.

வீட்டில் அதையே செய்யும் பெண்ணுக்கு என்ன பெயர்? அறுபது வருஷமாக அடுப்புத் திட்ட அறிக்கைகளில் அவருக்குக் கிடைத்த பெயர் "பயனாளி". அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எழுதுவார்கள், அவரிடமிருந்து கற்க வேண்டும் என்று எழுத மாட்டார்கள். அடுப்பு நன்றாக எரிந்தால் வடிவமைப்பின் வெற்றி. எரியாவிட்டால் பயனாளியின் பழக்கக் குறை. இந்த ஓரவஞ்சனைதான் இந்த எழுத்துகளில் எனக்கு ரொம்ப உறுத்துவது. மேலே சொன்ன ஆறு பாடங்களில் விறகை இழுப்பதும், தணலில் அடக்குவதும், தட்டிப் பார்ப்பதும் பல வீடுகளில் தெரிந்ததே. கிராதியும் தகர வளையமும் மூடிக் கணக்கும்தான் வெளியிலிருந்து சேர்க்க வேண்டியவை. பாதி பாடம் வீட்டில் இருக்கிறது, பாதி ஆய்வகத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத்தான் ஆளில்லை.

இப்போது யூடியூபில் ஓடும் "ராக்கெட் அடுப்பு" வீடியோக்களிலும் இதே குறை. 1980களில் அமெரிக்காவின் லாரி வினியார்ஸ்கி வகுத்த கொள்கைகள் நல்லவை: சின்ன எரிவாய், சூடு உறிஞ்சாத லேசான சுவர், அதற்குமேல் குட்டையான நெட்டுக்குழாய். வீடியோவில் நாலு ஹாலோ பிளாக்கையோ கான்கிரீட் குழாயையோ வைத்துக் காட்டுவார்கள். கான்கிரீட் கனம், சூட்டை உறிஞ்சும், கொஞ்ச நாளில் வெடிக்கும். எரியும் மூன்று நிமிஷம் அழகாக இருக்கும். குச்சியை நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை வீடியோ சொல்லாது. குழந்தையையும் பார்த்துக்கொண்டு சமைப்பவருக்கு அது பெரிய விலை.

கைத்திறனின் எல்லை

இவ்வளவு சொன்ன பிறகு, "விறகு அடுப்புச் சமையலே ஆரோக்கியம்" என்ற பக்கம் நான் போய்விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அங்கே மண்சட்டியும் மணமும் வரும், சமைப்பவரின் இருமல் வராது. நல்ல கைப்பழக்கம் விறகைப் பாதியாக்கலாம். புகையை நிறையவே குறைக்கலாம். ஆனால் ஒரு சின்னச் சமையலறையின் காற்றை அது சுத்தமாக்காது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்கு வைத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் சொந்த வரம்பே 40. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதி உட்பட நான்கு நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கேஸ் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், விறகில் தொடர்ந்தவர்கள் சுவாசித்தது சுமார் 70. கேஸுக்கு மாறியவர்கள் சுமார் 24. குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும். 2022இல் அந்த முடிவு வந்தபோது பலர் திகைத்தார்கள். ஆனாலும் 70க்கும் 24க்கும் நடுவில் உள்ளது தினமும் உள்ளே போகும் காற்று.

தணலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புகை இல்லையே என்று தணல் அடுப்பையோ கும்முட்டியையோ மூடிய அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

ஆக என் நிலை இதுதான். வீட்டுக்குள் சமையல் கேஸில் நடக்கணும். அதற்கு சிலிண்டர் விலை கட்டுப்படியாகணும், அது அரசின் வேலை. 2006 தேர்தலுக்குப் பின் வந்த தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்பும், 2016இல் தொடங்கிய உஜ்வலாவும் இணைப்பைக் கொடுத்தன. அடுத்த சிலிண்டருக்கான காசு வீட்டின் கவலையாகவே இருக்கிறது. அந்தக் கவலை இருக்கும் வரை கொல்லையில் இரண்டாவது அடுப்பும் இருக்கும். இருக்கிற அடுப்பை இல்லாததுபோல நடிப்பதைவிட, கூரையில்லாத இடத்தில், காய்ந்த விறகில், பாதிச் செலவில் எரிக்கச் சொல்லிக் கொடுப்பது நேர்மையான வேலை.

திண்டுக்கல்லிலிருந்து அம்பாத்துரை கூப்பிடு தூரம். கிராமத்தைப் படிப்பதற்கென்றே 1947இல் தொடங்கிய காந்திகிராமம் அங்கே இருக்கிறது. பத்து வீடு, ஒரு தராசு, ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம். அடுப்பை மாற்றாமல், எரிக்கும் விதத்தை மட்டும் மாற்றினால் விறகு எவ்வளவு குறைகிறது என்று யாராவது மாணவர் அளந்து எழுதினால், எழுபது வருஷ அடுப்பு இலக்கியத்தில் விடுபட்ட பக்கம் கிடைத்துவிடும். அதுவரைக்கும் அவரவர் வீட்டிலேயே செய்யலாம். ஒரு வாரம் வழக்கம்போல எரித்து, ஒவ்வொரு வேளை விறகையும் எடை போட்டு நாள்காட்டியில் எழுதுங்க. அடுத்த வாரம் பிளந்து காய்ந்த விறகு, இரண்டு கம்பி, ஒரு தகரம், ஒரு மூடி. அதையும் எழுதுங்க. எழுதும்போது எடைக்குப் பக்கத்தில் யார் எரித்தார்கள் என்ற பெயரையும் எழுதுங்க. எந்தத் திட்ட அறிக்கையிலும் இதுவரை இல்லாத கட்டம் அது.